எது மாறவில்லையோ அதுதான் வடிவியல்: ஃபெலிக்ஸ் கிளைனும் எர்லாங்கன் திட்டமும்

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று பள்ளியில் படித்தோம். எந்த முக்கோணம்? கரும்பலகையின் இடது ஓரத்தில் வரைந்ததா, வலது ஓரத்தில் வரைந்ததா? நிமிர்ந்து நிற்பதா, சாய்ந்து கிடப்பதா? புத்தகம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆசிரியர் சொல்வதில்லை, மாணவரும் கேட்பதில்லை. இடத்தை மாற்றினாலும் திருப்பி வைத்தாலும் கோணம் மாறாது என்பதை எல்லோரும் பேசாமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

1872-இல் இருபத்து மூன்று வயது ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவர் பேசப்படாத இந்த ஒப்பந்தத்தைப் பேச வைத்தார். வடிவியல் என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது என்றார். எந்தெந்த அசைவுகளை அனுமதிக்கிறோம் என்று முதலில் சொல்லுங்கள். அந்த அசைவுகளுக்குப் பிறகும் மாறாமல் நிற்பவை எவையோ அவற்றைப் படிப்பதுதான் வடிவியல். அசைவுகளின் பட்டியலை மாற்றினால் வேறொரு வடிவியல் கிடைக்கும். அவர் பெயர் ஃபெலிக்ஸ் கிளைன். அந்தக் கருத்தை வெளியிட்ட சிறு நூல், அவர் பணியாற்றிய ஊரின் பெயரால் எர்லாங்கன் திட்டம் என்று இன்று வழங்குகிறது.

கணிதத்தில் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடிய, ஆனால் இவ்வளவு தூரம் கொண்டுபோகும் கருத்துகள் அதிகம் இல்லை. பள்ளி வடிவியல் தெரிந்த எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஓர் அட்டையில் தொடங்குவோம்

ஓர் அட்டையைச் செவ்வகமாக வெட்டி மேசையில் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். இப்போது அட்டையைக் கையில் எடுத்து, மறுபடி அதே கோட்டுக்குள் பொருந்துமாறு வைக்க வேண்டும். எத்தனை விதமாக வைக்கலாம்? எடுத்தபடியே வைக்கலாம். அரைச் சுற்று சுற்றி வைக்கலாம். நெடுக்குவாட்டில் புரட்டி வைக்கலாம். குறுக்குவாட்டில் புரட்டி வைக்கலாம். இந்த நான்கைத் தவிர வேறு வழி இல்லை.

நெடுக்குவாட்டில் புரட்டியபின் குறுக்குவாட்டிலும் புரட்டிப் பாருங்கள். வந்து நிற்பது அரைச் சுற்று சுற்றிய நிலை. ஆக, நான்கில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் விடை அந்த நான்குக்குள்ளேயே இருக்கிறது. எதைச் செய்தாலும் அதை நீக்கித் தொடக்க நிலைக்குத் திரும்பவும் முடிகிறது. 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்பதும் பட்டியலில் ஓர் உறுப்பாக இருக்கிறது. இந்தத் தன்மைகள் கொண்ட அசைவுகளின் தொகுப்பைக் கணிதத்தில் குலம் என்கிறோம். செவ்வகத்தின் இந்தச் சிறிய நான்கு உறுப்புக் குலத்துக்கே இன்று கிளைன் பெயர்தான். 1884-இல் வெளியான இருபதுமுகி பற்றிய நூலில் அவர் இதைத் தனியாக எடுத்துப் பேசினார். அட்டை சதுரமாக இருந்தால் எட்டு விதங்கள் கிடைக்கும். அவற்றை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

செவ்வகத்துக்கு நான்கு அசைவுகள் என்றால், முழுத் தளத்துக்கு எத்தனை? முடிவில்லாதவை. தளம் முழுவதையும் எந்தத் திசையிலும் எவ்வளவு தூரமும் நகர்த்தலாம், எந்தப் புள்ளியைச் சுற்றியும் சுழற்றலாம், எந்தக் கோட்டிலும் பிரதிபலிக்கலாம். இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு குலம்தான். நீளம், கோணம், பரப்பளவு ஆகியவை இந்த அசைவுகளால் மாறுவதில்லை. 'தளத்தின் மேல் இடது மூலையில் இருக்கிறது', 'செங்குத்தாக நிற்கிறது' என்பவை மாறிவிடுகின்றன. முன்னவை பள்ளியில் நாம் படித்த யூக்ளிட் வடிவியலைச் சேர்ந்தவை, பின்னவை சேராதவை. புத்தகம் ஏன் முக்கோணத்தின் இடத்தைச் சொல்லவில்லை என்பதற்கு இதுதான் காரணம். சர்வசமம் என்று நாம் படித்ததும் இதுவே: ஓர் உருவத்தை அனுமதிக்கப்பட்ட அசைவால் இன்னோர் உருவத்தின் மேல் பொருத்த முடிந்தால் இரண்டும் ஒன்று.

இந்த எண்ணம் எப்படிப் பிறந்தது

கிளைன் 1849 ஏப்ரல் 25-இல் டூசல்டோர்ஃப் நகரில் பிறந்தார். 25, 4, 1849 மூன்றுமே பகா எண்களின் வர்க்கங்கள்: 5, 2, 43. பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு இயற்பியலாளர் ஆகும் எண்ணம். அங்கே யூலியுஸ் புளூக்கரின் ஆய்வுக்கூட உதவியாளர் ஆனார். புளூக்கர் இயற்பியல், வடிவியல் இரண்டிலும் பெரிய ஆள். அந்த ஆண்டுகளில் அவர் மனம் மறுபடி வடிவியல் பக்கம் திரும்பியிருந்தது. 1868-இல் கிளைன் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு புளூக்கர் இறந்துபோக, அவர் பாதியில் விட்ட நூலை முடிக்கும் பொறுப்பு பத்தொன்பது வயது மாணவரிடம் வந்து சேர்ந்தது. இயற்பியல் பின்னுக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டு பெர்லினில் நார்வே நாட்டுக்காரரான சோஃபஸ் லீயைச் சந்தித்தார். இருவரும் 1870-இல் பாரிஸ் போனார்கள். பிரெஞ்சுக் கணிதர் காமில் ஜோர்தான் குலங்களைப் பற்றிய தம் பெருநூலை அந்த ஆண்டுதான் வெளியிட்டிருந்தார். அதுவரை குலம் என்பது சமன்பாடுகளின் தீர்வுகளை இடம் மாற்றிப் பார்க்கும் இயற்கணிதக் கருவி. அதை வடிவங்களின் அசைவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் அந்த இரண்டு நண்பர்களிடமும் ஊறத் தொடங்கியது அங்கேதான்.

ஜூலையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. கிளைன் அவசரமாக ஊர் திரும்பி, போர்க்களத்தில் மருத்துவ உதவிப் பணி செய்து, டைபாய்டு காய்ச்சலில் விழுந்தார். இத்தாலிக்கு நடந்தே போகலாம் என்று புறப்பட்ட லீயை ஃபோந்தன்புளோ என்ற ஊரில் ஜெர்மானிய ஒற்றர் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவரிடம் இருந்த கணிதக் குறிப்புகளைச் சங்கேதச் செய்தி என்று நினைத்துவிட்டார்கள். கணிதர் தார்பூ தலையிட்டு அவரை விடுவிக்க ஒரு மாதம் ஆயிற்று.

1872-இல் எர்லாங்கன் பல்கலைக்கழகம் கிளைனைப் பேராசிரியராக அழைத்தது. பொறுப்பேற்பவர் ஆய்வுத் திட்டம் ஒன்றை அச்சிட்டுத் தருவது அங்கே வழக்கம். 'அண்மைக்கால வடிவியல் ஆய்வுகளைப் பற்றிய ஒப்பீட்டு நோக்கு' என்ற பொருள்படும் தலைப்பில் கிளைன் தந்த சிறு நூல்தான் எர்லாங்கன் திட்டம். இதை அவர் தொடக்க உரையாக ஆற்றினார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது, அது சரியல்ல. 1872 டிசம்பர் 7-இல் அவர் ஆற்றிய உரை கணிதக் கல்வியைப் பற்றியது. சிறு நூல் தனி. உடனடியாக அதைப் பலர் வாசிக்கவும் இல்லை. 1890-ஐ ஒட்டி இத்தாலியன், பிரெஞ்சு, ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தபின்தான் பரவலாகப் பேசப்பட்டது.

அந்த நூலுக்கு அப்போது என்ன அவசரம்? வடிவியல் அன்று பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. நெப்போலியனின் படையில் போய் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்த பிரெஞ்சுக் கணிதர் பொன்சலே, நிழல் வீழ்வதை அடிப்படையாகக் கொண்ட வீழல் வடிவியலை 1822-இல் நூலாக்கியிருந்தார். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் உண்டு என்ற யூக்ளிடின் இணைகோட்டு விதி இல்லாமலே வடிவியல் செய்யலாம் என்று ரஷ்யரான லோபசெவ்ஸ்கி 1829-இலும் ஹங்கேரியரான போயாய் 1832-இலும் காட்டியிருந்தார்கள். மோபியஸ் என்ற கணிதர் ஒரு வழியில் போனார், ஸ்டைனர் என்பவர் இன்னொரு வழியில் போனார். எது உண்மையான வடிவியல், எது விளையாட்டு என்று சண்டைகூட இருந்தது. கிளைனின் கேள்வி இந்தச் சண்டையை வேறு தளத்துக்கு மாற்றியது: உன் குலம் எது?

படிப்படியாக விதிகளைத் தளர்த்துவோம்

தளத்தில் ஓர் உருவத்தை நகர்த்தவும் சுழற்றவும் மட்டும் அனுமதி என்றால், ஓர் அசைவைக் குறிக்க மூன்று எண்கள் போதும்: பக்கவாட்டில் எவ்வளவு, மேலே எவ்வளவு, எத்தனை பாகை சுழற்சி. இனி, உருப்பெருக்கத்தையும் அனுமதிப்போம். நான்காவதாக ஓர் எண் சேர்கிறது. நீளமும் பரப்பளவும் இப்போது மாறிவிடும். கோணங்களும் நீளங்களின் விகிதங்களும் நிற்கும். பள்ளியில் வடிவொத்த முக்கோணங்கள் என்ற பாடத்தில் நாம் செய்தது இந்த வடிவியலைத்தான். பித்தாகரஸ் தேற்றமும், 180 பாகைத் தேற்றமும் இங்கேயும் உயிரோடு இருக்கின்றன.

இன்னும் தளர்த்துவோம். ஒரு திசையில் மட்டும் இழுக்கலாம், சதுரத்தைச் சாய்த்து இணைகரமாக்கலாம். நேர்கோடு நேர்கோடாகவும், இணைகோடுகள் இணைகோடுகளாகவும் இருந்தால் போதும். இதற்கு ஆறு எண்கள் தேவை. இதை இணைப்பு வடிவியல் என்பார்கள். இங்கே கோண அளவு போய்விட்டது. வட்டத்தையும் நீள்வட்டத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. சமபக்க முக்கோணம் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. எந்த முக்கோணத்தையும் இழுத்துச் சாய்த்து வேறு எந்த முக்கோணமாகவும் ஆக்கிவிடலாம் என்பதால், இந்த வடிவியலில் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான்.

இவ்வளவு இழந்தபின் என்ன மிச்சம் என்று தோன்றலாம். மிச்சம் இருப்பது ஒரே கோட்டின் மேல் உள்ள நீளங்களின் விகிதம். ஆகவே நடுப்புள்ளி நடுப்புள்ளியாகவே இருக்கும். இது எவ்வளவு பெரிய சொத்து என்று பாருங்கள். முக்கோணத்தின் மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும், அந்தப் புள்ளி ஒவ்வொரு நடுக்கோட்டையும் 2:1 என்று பிரிக்கும் என்ற தேற்றத்தை நிறுவ வேண்டும். சமபக்க முக்கோணத்தில் அது சமச்சீராலேயே தெரிந்துவிடும்: மூன்று நடுக்கோடுகளும் மையத்தைக் கடந்தாக வேண்டும், விகிதத்தைக் கணக்கிட இரண்டு வரி போதும். இப்போது உங்கள் முன் இருக்கும் கோணல்மாணலான முக்கோணம் அந்தச் சமபக்க முக்கோணத்தை இழுத்துச் சாய்த்தால் கிடைப்பது. இழுக்கும்போது நடுப்புள்ளி நடுப்புள்ளியாகவே போகிறது, நடுக்கோடு நடுக்கோடாகவே போகிறது, ஒரு புள்ளியில் சந்தித்தவை சந்தித்தபடியே இருக்கின்றன, 2:1 மாறவில்லை. எல்லா முக்கோணங்களுக்கும் தேற்றம் நிறுவப்பட்டுவிட்டது.

இதே தந்திரத்தைக் குத்துக்கோடுகளுக்குச் செய்ய முயன்றால் நடக்காது. குத்துக்கோடு செங்கோணத்தால் ஆனது; இழுத்தால் செங்கோணம் சிதையும். ஆக, எந்தத் தேற்றத்துக்கு எந்த வழி பொருந்தும் என்பதைத் தேற்றம் எந்தப் படியில் குடியிருக்கிறது என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிளைன் நமக்குத் தந்தவற்றுள் நான் மிகவும் மதிப்பது இந்தப் பார்வையைத்தான். ஒரு தேற்றத்தின் உண்மையை மட்டும் பார்க்காமல், அது எதை நம்பி நிற்கிறது என்பதையும் பார்க்கப் பழக்குகிறது.

நிழற்படத்தில் மாறாமல் நிற்பது

அடுத்த தளர்த்தல் இன்னும் துணிச்சலானது. ஒரு புள்ளியில் விளக்கை வைத்து, கண்ணாடியில் வரைந்த படத்தின் நிழலைச் சாய்வான சுவரில் விழவைக்கிறோம். அல்லது கேமராவால் தரையைப் படம் எடுக்கிறோம். இந்த மாற்றங்களின் குலத்துக்கு எட்டு எண்கள் தேவை. இதன் வடிவியல்தான் வீழல் வடிவியல். நேர்கோடு நேர்கோடாக இருக்கும், அவ்வளவுதான் உறுதி. இணையான தண்டவாளங்கள் படத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதைப் பார்த்திருக்கிறோம், ஆகவே இணைத்தன்மை போயிற்று. வட்டத்தின் நிழல் நீள்வட்டமாகவோ, பரவளையமாகவோ, அதிபரவளையத்தின் கிளையாகவோ விழலாம், ஆகவே இந்த வளைவுகள் எல்லாம் இங்கே ஒரே உருவம். நடுப்புள்ளியும் போய்விட்டது.

ஏதாவது ஓர் எண்ணாவது தப்பிப் பிழைக்கிறதா? ஒரு நேரான சாலையில் 50 மீட்டருக்கு ஒன்றாக மின்கம்பங்கள் நிற்கின்றன. சாலையைப் படம் எடுத்து, கம்பங்களின் அடிகள் வரிசையாக அமையும் கோட்டில் அளக்கிறோம். முதல் கம்பம் 0, இரண்டாவது 6 செ.மீ., மூன்றாவது 8 செ.மீ., நான்காவது 9 செ.மீ. என்று வருகிறது. சம இடைவெளிகள் 6, 2, 1 என்று சுருங்கிவிட்டன. தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும், நமக்குத் தெரிந்ததுதான்.

இப்போது ஒரு கணக்கு. முதல் கம்பத்திலிருந்து மூன்றாவது வரையுள்ள தூரத்தை, இரண்டாவதிலிருந்து மூன்றாவது வரையுள்ள தூரத்தால் வகுங்கள். சாலையில் 100-ஐ 50-ஆல் வகுக்க 2. அடுத்து, முதலிலிருந்து நான்காவது வரையுள்ள தூரத்தை, இரண்டாவதிலிருந்து நான்காவது வரையுள்ள தூரத்தால் வகுங்கள். 150-ஐ 100-ஆல் வகுக்க ஒன்றரை. முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் 4/3.

படத்தில் இதையே செய்வோம். 8-ஐ 2-ஆல் வகுக்க 4. 9-ஐ 3-ஆல் வகுக்க 3. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 4/3.

நீளம் மாறிவிட்டது, விகிதம் மாறிவிட்டது, விகிதங்களின் விகிதம் மாறவில்லை. இதற்குக் குறுக்கு விகிதம் என்று பெயர். கேமராவை எங்கே வைத்தாலும், எப்படிச் சாய்த்தாலும், சம இடைவெளியில் நிற்கும் நான்கு கம்பங்கள் 4/3 என்ற எண்ணைத்தான் தரும். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸுக்கே இது தெரியும். ஐந்தாவது கம்பம் படத்தில் எங்கே விழும் என்று இதை வைத்தே கணக்கிடலாம்: 9.6 செ.மீ. ஆறாவது 10 செ.மீ. எத்தனை கம்பங்கள் இருந்தாலும் 12 செ.மீ.-ஐத் தாண்டாது; அடிவானம் அங்கே இருக்கிறது. நிழற்படத்திலிருந்து உண்மைத் தூரத்தைக் கண்டுபிடிக்கும் இன்றைய கணினி முறைகளிலும் இந்தப் பழைய எண்தான் வேலை செய்கிறது.

படிகளைத் திரும்பிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அசைவுகளைக் கூட்டக் கூட்ட, மாறாமல் நிற்பவை குறைகின்றன. குறைவாக நிற்பவை அதிக இடங்களில் செல்லுபடியாகின்றன. வீழல் வடிவியலில் நிறுவிய தேற்றம் கீழ்ப்படிகள் எல்லாவற்றிலும் தானாகவே உண்மை. யூக்ளிட் வடிவியலில் மட்டும் உண்மையான தேற்றம் மேலே ஏறினால் பொருள் இழந்துவிடும்.

ஒரு வட்டத்துக்குள் முழு உலகம்

இணைகோட்டு விதி இல்லாத வடிவியல் இந்தப் படிகளில் எங்கே அமரும்? எர்லாங்கனுக்கு ஓராண்டு முன்னரே, 1871-இல், கிளைன் இதற்கு அழகான விடை கண்டிருந்தார். பெர்லினில் புகழ்பெற்ற கணிதர் வையர்ஸ்ட்ராஸின் கருத்தரங்கில் இந்த எண்ணத்தின் முதல் வடிவத்தை முன்வைத்தபோது அந்தப் பெரியவர் ஏற்கவில்லை. கிளைன் விடவில்லை.

ஒரு வட்டம் வரையுங்கள். உள்ளே இருக்கும் புள்ளிகள் மட்டுமே உலகம். வட்டத்தின் நாண்களே அந்த உலகத்தின் நேர்கோடுகள். அனுமதிக்கப்பட்ட அசைவுகள்: வீழல் மாற்றங்களில் இந்த வட்டத்தை இதே வட்டத்தின் மேலேயே கொண்டுவந்து வைப்பவை மட்டும். அவ்வளவுதான் வரையறை.

இப்போது ஒரு நாணை வரைந்து, அதன் மேல் இல்லாத ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி வழியாக முதல் நாணை வட்டத்துக்குள் எங்கும் சந்திக்காத நாண்கள் எத்தனை வரையலாம்? வேண்டிய அளவு வரையலாம், கண்ணாலேயே பார்க்கலாம். யூக்ளிட் ஒன்றே ஒன்றுதான் என்று கேட்ட இடத்தில் இங்கே எண்ணற்றவை கிடைக்கின்றன. லோபசெவ்ஸ்கியும் போயாயும் சொன்ன அதிபரவளைய வடிவியல் இதுதான்.

இந்த உலகத்தில் தூரத்தை எப்படி அளப்பது? சாதாரண அளவுகோல் உதவாது, ஏனெனில் இங்கே அனுமதித்த அசைவுகள் சாதாரண நீளத்தை மாற்றிவிடும். மாறாமல் நிற்பது குறுக்கு விகிதம் ஒன்றே. இரண்டு புள்ளிகள் வழியாக நாண் வரைந்தால் அது வட்டத்தை இரண்டு இடங்களில் தொடும்; மொத்தம் நான்கு புள்ளிகள். அவற்றின் குறுக்கு விகிதத்தின் மடக்கைதான் தூரம். மடக்கை எதற்கு என்றால், அடுத்தடுத்த துண்டுகளின் குறுக்கு விகிதங்கள் பெருக்கலாகச் சேர்கின்றன. தூரம் கூட்டலாகச் சேர வேண்டும். வீழல் வடிவியலிலிருந்து தூரத்தைப் பெறும் இந்த வழிக்கு ஆங்கிலேயரான ஆர்தர் கேலி 1859-இல் அடித்தளம் போட்டிருந்தார். அதை லோபசெவ்ஸ்கியின் வடிவியலோடு சேர்த்தது கிளைன். இப்படி அளந்தால் விளிம்பை நெருங்க நெருங்கத் தூரம் எல்லையின்றிக் கூடுகிறது. உள்ளே வாழ்பவருக்கு விளிம்பு முடிவிலியில் இருக்கிறது.

இந்த உலகத்தில் முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குக் குறைவு. முக்கோணம் பெரிதாக ஆகக் குறைவும் கூடும். ஆகவே ஒரு முக்கோணத்தை அதே கோணங்களோடு பெரிதாக்க முடியாது. கிளைன் மொழியில் சொன்னால், இந்த உலகத்தின் குலத்தில் உருப்பெருக்கம் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த உலகம் முழுவதும் ஒரு சாதாரண யூக்ளிட் வட்டத்துக்குள் வரையப்பட்டிருக்கிறது. இதற்குள் முரண்பாடு இருந்தால் அது யூக்ளிட் வடிவியலிலும் முரண்பாடாகும். ஒன்றை நம்புபவர் மற்றொன்றை மறுக்க வழியில்லை.

இன்னும் மேலே ஒரு படி உண்டு. வெட்டாமல், ஒட்டாமல், ரப்பர் போல எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்றால் இடத்தியல் கிடைக்கும். அங்கே நேர்கோடு என்பதற்கே பொருள் இல்லை. துண்டுகளின் எண்ணிக்கை, துளைகளின் எண்ணிக்கை போன்றவை மட்டும் நிற்கும். உள்ளும் புறமும் பிரிக்க முடியாத கிளைன் புட்டியை அவர் 1882-இல் விவரித்தார். பலருக்குக் கிளைன் என்றால் நினைவுக்கு வருவது அந்தப் புட்டிதான். எனக்கு அது அவருடைய பெரிய வேலையின் ஓரத்தில் விழுந்த துணுக்காகத்தான் தெரிகிறது.

பிறகு

1875-இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். அதே ஆண்டு தத்துவ அறிஞர் ஹெகலின் பேத்தியான அன்னா ஹெகலை மணந்தார். மியூனிக்கில் அலெக்சாந்தர் பிரில்லுடன் சேர்ந்து, மாணவர்களைக் கொண்டு வளைபரப்புகளின் பிளாஸ்டர் மாதிரிகளைச் செய்ய வைத்தார். கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு வடிவியல் படிக்க வேண்டும் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. 1880-இல் லைப்சிக் போனார்.

லைப்சிக்கில்தான் பிரெஞ்சு இளைஞரான ஆன்றி புவன்காரேயோடு போட்டி வந்தது. மேலே சொன்ன வட்ட உலகத்தின் அசைவுகளில், தொடர்ச்சியாக இல்லாமல் தாவித் தாவிச் செல்லும் அசைவுகளின் குலங்களையும், அவற்றால் மாறாத சார்புகளையும் இருவரும் ஒரே நேரத்தில் ஆராய்ந்தார்கள். கடிதங்கள் பறந்தன. இரவும் பகலும் உழைத்த கிளைனின் உடல்நலம் 1882 இலையுதிர்காலத்தில் உடைந்தது, மனச்சோர்வு தொடர்ந்தது. தம் படைப்பு ஆய்வின் உச்சக் காலம் அதோடு முடிந்தது என்று அவரே பின்னாளில் கருதினார். அப்போது அவருக்கு வயது 33.

அதன்பின் அவர் செய்தவை வேறு வகை. 1886-இல் கோட்டிங்கன் சென்று, அந்தச் சிறு ஊரை உலகக் கணிதத்தின் தலைநகராக்கினார். 1895-இல் கணிதர் ஹில்பர்ட்டை அழைத்துவந்தார். 1902-இல் இன்னொரு கணிதரான மின்கோவ்ஸ்கி வந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த நாளில், ஆங்கிலேயரான கிரேஸ் சிஷம் 1895-இல் அவரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பள்ளிக் கணிதத்தில் சார்பு, நுண்கணிதம் ஆகியவை இடம்பெற வேண்டும் என்று போராடினார். 1908-இல் தொடங்கிய பன்னாட்டுக் கணிதக் கல்விக் குழுவுக்கு முதல் தலைவர் அவர்தான்.

சோஃபஸ் லீயோடு நட்பு முறிந்தது வருத்தமான கதை. தாம் கிளைனின் மாணவர் அல்ல என்று லீ 1893-இல் தம் நூலின் முன்னுரையில் காரமாக எழுதினார். நான்கு ஆண்டு கழித்து, லோபசெவ்ஸ்கி பரிசை முதல்முறையாக யாருக்குத் தரலாம் என்ற மதிப்பீட்டை எழுதும் பொறுப்பு கிளைனிடம் வந்தது. லீயின் பணியைப் புகழ்ந்து எழுதினார். பரிசு லீக்குப் போயிற்று.

1905-இல் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் வந்தபின், அதன் உள்ளே இருப்பதும் ஒரு குலம்தான் என்பது சில ஆண்டுகளில் கோட்டிங்கனில் புரிந்தது. இடமும் காலமும் சேர்ந்த நான்கு பரிமாண வெளி, அதன்மேல், ஒருவரின் இட, கால அளவுகளைச் சீராக நகரும் இன்னொருவரின் அளவுகளாக மாற்றும் லோரன்ஸ் மாற்றங்களின் குலம், அதனால் மாறாதவை இயற்பியல் விதிகள். 1915-இல் கிளைனும் ஹில்பர்ட்டும் கணிதரான எம்மி நோதரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் அவர் தம் பெயரில் வகுப்பு எடுக்கக்கூடப் பல்கலைக்கழகம் நெடுநாள் அனுமதிக்கவில்லை. இயற்கையின் ஒவ்வொரு தொடர் சமச்சீருக்கும் ஒரு காப்பு விதி உண்டு என்று நிறுவும் கட்டுரையை 1918-இல் நோதர் எழுதினார். நேரத்தை நகர்த்தினாலும் விதிகள் மாறவில்லை என்றால் ஆற்றல் காக்கப்படும். இடத்தை நகர்த்தினாலும் மாறவில்லை என்றால் உந்தம் காக்கப்படும். கிளைன் முனைவர் பட்டம் பெற்ற ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக அந்தக் கட்டுரை அவருக்கே உரிமையாக்கப்பட்டது. கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் அதை முன்வைத்தவரும் அவர்தான். 1925 ஜூன் 22-இல் கிளைன் கோட்டிங்கனில் காலமானார்.

எர்லாங்கன் திட்டம் எல்லா வடிவியலையும் பிடித்துவிடவில்லை. ஜெர்மானியக் கணிதர் ரீமான் 1854-இல் முன்வைத்த வடிவியலில் வெளியின் வளைவு இடத்துக்கு இடம் மாறலாம். மேடு பள்ளமான ஒரு பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தன்மேலேயே பொருத்தும் அசைவு ஒன்றும் செய்யாமல் இருப்பதைத் தவிர வேறில்லை. குலமே இல்லாத இடத்தில் குலத்தைக் கேட்பது எப்படி? ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல் கேட்பது இத்தகைய வெளியைத்தான். வெளி முழுவதற்கும் ஒரே குலம் என்பதை விட்டு, ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் கிளைன் சொன்ன வெளி ஒன்றை ஒட்டவைத்து, புள்ளிக்குப் புள்ளி அவை எப்படி இணைகின்றன என்று பார்க்கும் முறையை 1920-களில் பிரெஞ்சுக் கணிதர் எலி கார்டன் உருவாக்கினார். இரண்டு பார்வைகளும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

இதுவரை வந்தவர்களுக்குக் கையால் செய்து பார்க்க ஒன்று. ஒரு நீள்வட்டம் வரைந்து, ஒன்றுக்கொன்று இணையாக நான்கைந்து நாண்கள் போட்டு, ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் குறியுங்கள். எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழும், அந்தக் கோடு மையம் வழியாகப் போகும். ஏன்? வட்டத்தில் இது ஏன் உண்மை என்று யோசித்து, பிறகு எந்தப் படியின் அசைவு வட்டத்தை நீள்வட்டமாக்குகிறது, அது எவற்றை மாற்றாது என்று பாருங்கள். அடுத்து, நீள்வட்டத்தின் இரண்டு குவியங்களைப் பற்றிய தேற்றம் எதையாவது இதே வழியில் வட்டத்திலிருந்து கொண்டுவர முயலுங்கள். முடியாது. குவியம் தூரங்களால் வரையறுக்கப்பட்டது. அந்தப் படியில் தூரம் இல்லை.